செங்கமலம் கஞ்சி குடிக்கும் பக்கம்

கருணாகரன் மறுபடியும் கைவைத்திருந்தார், இந்தத் தடவை மூக்கில்.

எல்சி அந்தப் படக்கதை அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் செங்கமலத்துக்குச் சப்பையான, பிடிவாதமான மூக்கு இருந்தது. இப்போது அதன்மேல் வெள்ளை பெயின்ட் பூசி, கோயில் சிலைக்கு இருப்பதுபோலக் கூரான மூக்கு ஒன்றை வரைந்து வைத்திருந்தார் மனிதர்.

"அண்ணே, இதை நான் துட்டு குடுத்து வாங்கினேன்."

"வாங்கினே. இல்லேன்னு யாரு சொன்னா?" கருணாகரன் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எல்சியின் அம்மா கொடுத்த காபியை ஊதிக்கொண்டிருந்தார். "அதுக்குத்தான் சிஸ்டர் ஒய்ங்கா பண்ணிக் குடுத்தேன். கோணலா கீறத வூட்ல வச்சிகினு நீ நாலு பேருக்குக் காட்டினா, அசிங்கம் எனக்குத்தானே?"

"நான் யாருக்கும் காட்டறதில்லை."

"காட்டமாட்டியா? அப்பால இன்னாத்துக்கு வாங்கினே?"

அடுப்படியிலிருந்து அம்மா "அப்படிக் கேளுங்க" என்றாள்.

ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் எல்சி நர்ஸ். கல்யாணம் ஆகவில்லை. சர்ச்சுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் அம்மாவும் அவளும். அந்த இரண்டு அறைகளில் ஒன்றில் பாதிக்குமேல் அடைத்துக்கொண்டிருந்தது அவளுடைய சேகரிப்பு. சண்டைக் காலத்தில் துறைமுகத்துக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் படித்துவிட்டுப் போட்ட காமிக் புத்தகங்களில் அது ஆரம்பித்தது. சண்டை முடிந்த பிறகு சரக்குக் கப்பல்காரர்கள் மூலமாக வந்தன. ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருந்த லியாகத் அலி அவற்றைக் 'கப்பல் புக்கு' என்று சொல்லித் தனியாக எடுத்து வைப்பார். அட்டை கிழியாததாகப் பார்த்து எல்சி வாங்குவாள். பூச்சி வராமல் வேப்பிலை போட்டு, பழைய போர்வையில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் வைப்பாள். உடன் வேலை பார்க்கிற நர்சுகள் வளையல் வாங்கினார்கள், சீட்டு கட்டினார்கள். இவள் பொம்மை புக்கு வாங்குகிறாள் என்று அம்மாவுக்கு ஆறாத வருத்தம்.

கப்பல் புத்தகங்களைத் தேடிப் போன ஒரு நாள்தான் பேப்பர்க் கட்டுக்கு அடியில் பெரிய வெள்ளை அட்டை ஒன்றை அவள் பார்த்தாள். இண்டியன் இங்கில் வரைந்த படங்கள். கட்டம் கட்டமாக ஒரு கதை. கறுப்பு மைக்கு அடியில் பென்சில் கோடுகள் தெரிந்தன. ஓரத்தில் அச்சகத்துக்காரன் நீல பென்சிலில் அளவு எழுதியிருந்தான். படத்தில் இருந்தவளைப் பார்த்ததும் எல்சி அங்கேயே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். வாரப் பத்திரிகையில் இரண்டு வருஷத்துக்கு மேல் வந்து முடிந்திருந்த 'சங்குத்துறைச் செங்கமலம்' படக்கதையின் செங்கமலம். ராஜா காலத்தில் கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் பெண். பத்திரிகையில் உள்ளங்கை அகலத்துக்கு, மை அப்பிப்போய் வந்த படம், இங்கே கூடை அகலத்துக்கு, ஒவ்வொரு மயிரிழையும் தனித்தனியாக இருந்தது.

"பாய், இது எங்கே கிடைச்சுது?"

"அச்சுக்கு பிளாக் செய்யற எடத்துல இருந்து வருது. பிளாக் எடுத்துட்டா அப்பால அட்டை குப்பைதானே. இன்னும் கீது, வேணுமா?"

அன்றிலிருந்து லியாகத் அலி அந்த அட்டைகளைத் தேடித் தேடிக் கொண்டுவந்தார். குப்பை என்று சொன்னதை அவர் மறந்துபோனார், விலை ஏறியது. எல்சி முனகிக்கொண்டே வாங்கினாள். ஒரு வருஷத்தில் கதை முழுவதும் சேர்ந்துவிட்டது, ஒரு பக்கத்தைத் தவிர.

அந்த ஒரு பக்கத்தில் கதை என்று எதுவும் நடக்காது. செங்கமலத்தின் அப்பா கடலில் போய்விடுகிறார். முந்தின வாரம் அவள் கரையில் நின்று கத்துகிறாள். அடுத்த வாரம் கத்தியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் குதிக்கிறாள். நடுவில் அந்த வாரம் மட்டும் அவள் குடிசை வாசலில் உட்கார்ந்து, மண்சட்டியில் கஞ்சி குடிக்கிறாள். பேச்சே கிடையாது. ஏன் இந்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை என்று வாசகர்கள் பத்திரிகைக்குக் கோபமாக எழுதியிருந்தார்கள். எல்சியின் அப்பா செத்துப்போனது அந்த வாரம்தான். எல்லோரும் சாப்பிடு சாப்பிடு என்று நச்சரித்தும் அவளுக்கு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்தபிறகு எழுந்துபோய்ச் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பக்கத்தைக் கேட்டுத்தான் படம் போட்ட கருணாகரனைத் தேடிக் காலடிப்பேட்டைக்குப் போனாள். அவர் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, கடல் ஒத்துக்கொள்ளாமல் படம் போட வந்தவர். தன் அட்டைகளை ஒருத்தி காசு கொடுத்து வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று கேட்டதும் அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. நேரில் பார்க்க வந்தார். வந்தவர், அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வார்டில் டாக்டர் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா கை இது? முருங்கைக்காய் மாரி கீது. ரெண்டு நாளு குடு, சரி பண்ணித் தரேன்."

வரைந்தவரே கேட்கிறாரே என்று எல்சி கொடுத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. கை சரியாகி வந்தது. அப்புறம் ஒரு படகு. அப்புறம் செங்கமலத்தின் இடுப்பு மெலிந்தது. இப்போது மூக்கு.

"அண்ணே," என்றாள் எல்சி, காபித் தம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு. "இனிமே இதுல ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அந்தக் கஞ்சி குடிக்கற பக்கம். அது எங்கே?"

"அந்தப் பக்கமா? அடுத்த ஞாயித்துக்கிழமை எடுத்துகினு வரேன், வுடு."

எல்சிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மூக்கைக்கூட மன்னித்துவிடலாம்போல இருந்தது.

அடுத்த ஞாயிறு கொண்டுவந்தார். செய்தித்தாளைப் பிரித்ததும் மை வாசனை வந்தது. எல்சி பார்த்தாள். குடிசை இருந்தது, செங்கமலம் இருந்தாள், கஞ்சிச் சட்டி இருந்தது. பின்னால் கடல். கடலில் எஞ்சின் வைத்த விசைப்படகு ஒன்று புகை விட்டுக்கொண்டு போனது.

"இது என்ன?"

"போட்டு. காசிமேட்டுல புச்சா வுட்டுகினு கீறாங்களே, நீ பாக்கல? சோக்கா கீதுல்ல?"

"ராஜா காலத்துக் கதையில எஞ்சின் போட்டா?"

"பாக்கறததானே போடுவேன்? ராஜா காலத்த நான் எங்க கண்டேன்?"

எல்சி அட்டையைத் திருப்பினாள். ஓரத்தில் நீல பென்சில் அளவு இல்லை. விரலை வைத்துப் பார்த்தாள், கறுப்பு ஒட்டிக்கொண்டது. "இது நேத்து போட்டது."

"முந்தா நேத்து," என்றார் கருணாகரன், கொஞ்சமும் கூசாமல். "பக்கம் வேணும்னு கேட்டே. போட்டுக் குடுத்தேன். என் கையால போட்டது எப்டி அசல் இல்லாம பூடும்?"

"அண்ணே, நான் கேட்டது பத்திரிகையில வந்த அந்தப் பக்கத்தை!"

"அதவிட இது நல்லா கீது சிஸ்டர். அதுல அவ காலே சரியா வரல."

எல்சி தலையைப் பிடித்துக்கொண்டாள். வலியில் துடிக்கிறவர்களிடம் ராத்திரி பகலாகப் பொறுமையாகப் பேசுகிறவள் அவள். இந்த மனிதரிடம் அந்தப் பொறுமை காபி ஆறுகிற நேரம்கூடத் தாங்கவில்லை.

மறுநாள் டியூட்டி முடிந்து போகும்போது லியாகத் அலி கடையில் நின்று புலம்பினாள். பாய் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

"அந்தப் பக்கம் நீலமேகம் சாராண்ட கீது சிஸ்டர். போன மாசமே வாங்கிட்டாரு. உங்களாண்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

நீலமேகம் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் பெரிய குமாஸ்தா. எல்சி விட்டுவைத்த கப்பல் புத்தகங்களை வாங்கிப்போகிறவர். எல்சி வாங்கிவிட்ட புத்தகங்களைக் கேட்டு லியாகத் அலியிடம் சண்டை போடுகிறவர். எல்சிக்கும் அவருக்கும் பாய் கடையில் பார்த்துக்கொண்டால் தலையாட்டுகிற அளவுதான் பழக்கம். அந்த மனிதர் வீட்டுப் படி ஏறுவது எல்சிக்கு வேப்பெண்ணெய் குடிப்பதுபோல இருந்தது. ஏறினாள்.

நீலமேகம் கோட்டைக்கூடக் கழற்றாமல் பெருமையாக அழைத்துப்போனார். அவரிடம் கண்ணாடிக் கதவு போட்ட பீரோவே இருந்தது. உள்ளேயிருந்து பட்டுத் துணியில் சுற்றிய அட்டையை எடுத்தார்.

"விற்கிற உத்தேசம் இல்லை. பார்க்கலாம். தொடக் கூடாது."

எல்சி குனிந்து பார்த்தாள். குடிசை, கடல், செங்கமலம். விசைப்படகு இல்லை. பிறகு செங்கமலத்தின் கையைப் பார்த்தாள். கஞ்சி மண்சட்டியில் இல்லை. பளபளவென்று வெளிச்சம் போட்டு, விளிம்பு வைத்த எவர்சில்வர் டம்ளரில் இருந்தது.

எல்சி சிரித்துவிட்டாள். சிரிப்பு முடிவதற்குள் கோபம் வந்துவிட்டது.

"சார், இது எப்போ வாங்கினீங்க? கருணாகரன் அண்ணன் கையாலயா?"

"அவரே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?"

"சங்குத்துறை ராஜா காலத்துல எவர்சில்வர் கடை இருந்துச்சா?"

நீலமேகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நன்றாகப் பார்த்தார். முகம் சிவந்தது. "நான் இதைத் தினமும் பார்க்கிறேன்," என்றார் மெதுவாக. எல்சிக்கு அந்த நிமிஷம் அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது. அடுத்த நிமிஷமே அவர், "என்னை ஏமாற்றியவனைச் சும்மா விடுவதில்லை. நீயும் வா, சாட்சிக்கு," என்று அட்டையையும் குடையையும் எடுத்தார். பாவம் எல்லாம் போய்விட்டது.

காலடிப்பேட்டைக்குப் பஸ்ஸில் போகிற வழியெல்லாம் அவர் சட்டம் பேசினார். எல்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கருணாகரன் வாசலில் குந்தி பீடி பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் எழுந்து, "அடடே, ரெண்டு பேரும் தோஸ்துங்களா? சொல்லவேயில்ல!" என்றார் சந்தோஷமாக.

"அசல் என்று சொல்லி விற்றீரே, இது நியாயமா?" நீலமேகம் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

"அசல்தான் சார். இந்த சிஸ்டராண்ட கீறதும் அசல்தான். ரெண்டும் என் கைதான்."

"அப்போ முதல்ல போட்டது?" எல்சி அவருக்கு முன்னால் போய் நின்றாள். கோபத்தில் ஆஸ்பத்திரித் தமிழ் போய், பிறந்த தெருத் தமிழ் வந்துவிட்டது. "முதமுதல்ல போட்டியே, பத்திரிகைல வந்திச்சே, அது எங்க கீது? அத்த மட்டும் சொல்லு. சுத்தி வளைக்காத."

"அதுவா?" கருணாகரன் பீடியை அணைத்தார். "அது உள்ள சமையக்கட்டுல கீது."

எல்சி வாசலுக்குள் எட்டிப்பார்த்தாள்.

"உன் வூட்லயா? இத்தினி நாளாவா? ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? பக்கம் வேணும், பக்கம் வேணும்னு கேட்டீங்க. எங்க கீதுன்னு கேட்டப்போ நீ என் கையில இருந்து காபியப் புடுங்கிட்ட, நான் மறந்துட்டேன்."

எல்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தாள்.

சமையலறை இருட்டாக இருந்தது. அடுப்பில் சவுக்குக் கட்டை எரிந்துகொண்டிருந்தது. கருணாகரனின் மனைவி பச்சையம்மா முறத்தில் கிழங்கான் மீனைப் போட்டுச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு எதிரே, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வருகிற உயரத்தில், சுண்ணாம்புச் சுவரில் அந்தப் பக்கம் ஒட்டியிருந்தது. மைதா பசை போட்டு நன்றாக அழுத்தி ஒட்டியிருந்தாள். புகையில் மஞ்சளடித்து, மேல் ஓரத்தில் எண்ணெய்க் கறை. ஆனால் சட்டி மண்சட்டிதான். மூக்கும் சப்பை மூக்குதான். செங்கமலம் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இத்தப் பாக்கவா வந்தீங்க?" என்றாள் பச்சையம்மா. "பாருங்க. குடுக்க மாட்டேன்."

"நான் இன்னும் கேக்கவே இல்லையேம்மா."

"மூஞ்சில எயுதி கீதே." பச்சையம்மா மீனைத் திருப்பிப் போட்டாள். "இந்த மனுசன் போட்ட படம் பூரா இவ குதிச்சுகினே கீறா, இல்லேன்னா ஓடிகினே கீறா. ஒருத்தனாவது இவளுக்கு ஒரு வாய் சோறு போட்டானா? இதுல மட்டுந்தான் குந்தி நிம்மதியா துன்றா. பிளாக்குக்காரன் குப்பைல போடறதுக்குள்ள நான் கேட்டு வாங்கி வச்சிக்கினேன். இந்த மனுசன் கால சரி பண்றேன்னு மை எடுத்துகினு வந்திச்சி. அதான் சொவுத்துல ஒட்டிட்டேன்."

தேடித் தேடி, கால் கடுக்க அலைந்து, நீலமேகத்தின் சட்டத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தால், இப்படி ஒரு காரணத்தைச் சொல்கிறாள் இந்த அம்மாள். இதை எதிர்த்து எப்படிப் பேரம் பேசுவது? அவள் வீம்புக்காக வைத்திருந்தால் சண்டை போடலாம். பேராசை என்றால் விலை சொல்லலாம்.

பின்னாலேயே உள்ளே வந்துவிட்ட நீலமேகம் விலை சொன்னார். ஏற்றிச் சொன்னார். பச்சையம்மா செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை. அவர் இன்னும் ஏற்றினார். வாசலில் கருணாகரன் "ஏ பச்சை, கொஞ்சம் யோசி" என்றதற்கு, உள்ளேயிருந்து ஒரு மீன்தலை பறந்துபோனது.

"ஈரம் வைத்தால் வந்துவிடும்," என்று நீலமேகம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாரும் எதிர்பார்க்கவில்லை. சுவரை நெருங்கிக் குனிந்து, கீழ் மூலையில் நகத்தை விட்டு நெம்பினார். அட்டையின் மேல்தோலும் சுண்ணாம்பும் சேர்ந்து கட்டைவிரல் அகலத்துக்குப் பெயர்ந்து வந்தன.

"எடுங்க கையை!"

கத்தியது எல்சி. அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த வேகத்தில் குடை தண்ணீர்ப் பானையில் விழுந்தது. பிரசவ வார்டில் ஆண்களை வெளியே தள்ளிப் பழகிய கை அது. நீலமேகம் வாசற்படிக்குப் போனபிறகுதான் தான் நகர்த்தப்பட்டது அவருக்குத் தெரிந்தது.

"பித்துப் பிடித்த ஜனங்கள்," என்றார். "ஒரு கஞ்சிக்காக!" எவர்சில்வர் டம்ளர் படத்தைத் தவிப்போடு பார்த்தார், கருணாகரன் காலடியில் வைத்தார், பத்தடி நடந்தார். திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு போனார்.

உள்ளே எல்சி மண்டியிட்டு உட்கார்ந்து பெயர்ந்த மூலையைப் பார்த்தாள். நல்லவேளை, படத்தில் பிசகில்லை, வெறும் மணல் பகுதிதான். ஆனால் புகை, எண்ணெய், உப்புக்காற்று. இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்காது.

"ஏம்மா, இதை அடுப்புக்கு எதிரேயா ஒட்டுவாங்க?"

"நான் குந்தற எடம் அதானே? வேற எங்க ஒட்டுவாங்க?"

அந்தப் பக்கம் தனக்குச் சொந்தமாகப் போவதில்லை என்று எல்சிக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அழுகை வரும் என்று நினைத்தாள். எரிச்சல்தான் வந்தது. பச்சையம்மா மேல், பசை மேல், சவுக்குக் கட்டை மேல், எல்லாவற்றுக்கும் மேலாக, கதவோரம் நின்று "கால் பார் சிஸ்டர், ஒரு கால் குட்டையா கீது" என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த மனிதர் மேல்.

அடுத்த வாரம் ஆசாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கண்ணாடி ஒன்றைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். யாருக்கோ சொந்தமான படத்துக்கு எதற்கு இவள் செலவு செய்கிறாள் என்று அம்மா கேட்டதற்கு, "எனக்கே தெரியல, நீ வேற கேக்காத," என்று கத்திவிட்டு வந்திருந்தாள். பெயர்ந்த மூலையில் கஞ்சிப்பசை தடவி, பஞ்சால் ஒற்றி, காயத்துக்குக் கட்டுப் போடுகிற பக்குவத்தில் சரிசெய்தாள். அதன்மேல் ஆசாரி நான்கு பக்கமும் மெல்லிய ரீப்பர் கட்டை வைத்துக் கண்ணாடியைச் சுவரோடு பொருத்தினார். எல்சி ஓரங்களில் மெழுகு உருக்கி விட்டாள். அந்த நேரம் முழுவதும் கருணாகரனைக் கடைக்கு அனுப்பி வைத்திருந்தார்கள்.

வேலை முடிந்தது. எல்சி முந்தானையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். நன்றி என்று ஒரு வார்த்தையை அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

பச்சையம்மா அடுப்புக்கு முன்னால் தன் இடத்தில் உட்கார்ந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னா நர்சம்மா இது? என் மூஞ்சிதான் தெரியுது. அவளக் காணோமே."

"காணோமா?"

"நீயே வந்து குந்திப் பாரு."

எல்சி உட்கார்ந்து பார்த்தாள். வாசல் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து, வேர்த்து வழிகிற அவளுடைய முகமும், அதற்குப் பின்னால் பச்சையம்மாவின் முகமும்தான் தெரிந்தன. செங்கமலத்தின் சட்டி மட்டும் எங்கோ அடியில் மங்கலாக.

"ஆசாரி!" என்று எல்சி கூப்பிட்டாள். ஆசாரி உளியைப் பைக்குள் போட்டு, பையைத் தோளில் மாட்டியிருந்தார். "மேல ரெண்டு ஆணியைத் தளர்த்துங்க. கொஞ்சம் முன்னால சாயணும், அப்பத்தான் வெளிச்சம் அடிக்காது."

"சாஞ்சா வுயுந்துரும்மா."

"விழாது. அடியில ஒரு கட்டை குடுங்க."

ஆசாரி முணுமுணுத்துக்கொண்டே பையை இறக்கினார். பச்சையம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ அவ்ளோ இல்ல, பின்னால," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எல்சி இரண்டு கையாலும் கண்ணாடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.